கல்லாப்பெட்டி நடத்தும் கல்விச்சாலை

பந்து பறக்கிறது. பதினைந்து வயதுப் பையன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் குந்தியிருக்கிறான். எதிரணியின் எல்லைக்கோடு இன்னும் முப்பது கெஜத் தொலைவிலே. முன்னேறியாக வேண்டும். ஓடி முன்னேறுவதா? இல்லை. உதைத்து முன்னேறுவதா? அதுவும் இல்லை. திரையிலே கேள்வி ஒன்று எழுகிறது: கூட்டு வட்டி என்றால் என்ன? கீழே வரிசையாக விடைகள். சரியானதைத் தொட்டால் அணி பாயும். தவறானதைத் தொட்டால் நின்ற இடத்திலே நிற்கும். எளிய கேள்விக்குச் சில கெஜம், கடின கேள்விக்குப் பல கெஜம்!

அமெரிக்க நாட்டிலே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்துள்ள ஆட்டம் இது. பெயர் 'ஃபைனான்சியல் ஃபுட்பால்'. நம் ஊர்க் கால்பந்து அல்ல தோழரே. கையால் எறிந்து, கட்டிப் புரண்டு, கெஜக் கணக்கிலே முன்னேறும் அவர்கள் ஊர் ஆட்டம். 11 முதல் 14 வயதுக்கு ஒரு நிலை, 14 முதல் 18 வயதுக்கு ஒரு நிலை, அதற்கு மேற்பட்டோர்க்கு ஒரு நிலை. காசு கேட்பதில்லை. பல மாநிலங்களின் கருவூலத் தலைவர்களே அதைக் கையிலே ஏந்திப் பள்ளிகளுக்குச் சென்று, "ஆடுங்கள் பிள்ளைகளே, பணத்தின் அருமையை அறியுங்கள்" என்று பரிந்துரை செய்தார்கள்.

நல்ல காரியந்தானே என்று தோன்றும். எனக்கும் முதலிலே அப்படித்தான் தோன்றிற்று. பாட்டாளி வீட்டுப் பிள்ளை வட்டிக் கணக்கு அறிவது வேண்டாத வேலையா? ஆனால் விளையாட்டின் நெற்றியிலே பொறித்திருக்கும் பெயரைப் பாருங்கள். விசா! ஆம், கிரெடிட் கார்டின் மூலையிலே மின்னுகிறதே, அதே விசா. அமெரிக்கப் பந்தாட்டக் கழகத்தோடு கைகோத்துச் சிறுவர்களுக்குச் சிக்கனம் சொல்லித் தர வந்தது.

விசா கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது வங்கி. விசா செய்வது சாலை போட்டுச் சாவடி வைக்கும் தொழில். அட்டையை நீட்டிப் பொருள் வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாலை வழியே பணம் போகிறது. சாவடியிலே சுங்கம் விழுகிறது. வாங்குவோர் பெருகினால் சுங்கம் பெருகும். 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறையே இந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அந்நாட்டு டெபிட் கார்டு வரவு செலவில் 60 சதவிகிதத்துக்கு மேல் இதன் சாலை வழியேதான் போகிறது. ஆண்டுதோறும் 700 கோடி டாலருக்கு மேல் கட்டணம் குவிகிறது. போட்டிக்கு வருவோரை வரவிடாமல் தடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. அந்தச் சாவடிக்காரர்தான், "தம்பி, யோசித்துச் செலவு செய்" என்று பாடம் நடத்துகிறார்!

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நகரமாட்டேன். ஏனென்றால் அந்த விளையாட்டு சொல்லித் தரும் கணக்கு பொய்க் கணக்கு அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிய வேண்டிய கணக்கு.

இதோ, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவன் கார்டிலே 1,000 டாலருக்குப் பொருள் வாங்குகிறான். ஆண்டுக்கு 24 சதவிகித வட்டி; மாதத்துக்கு 2 சதவிகிதம். முதல் மாத வட்டி 20 டாலர். அவனோ மாதம் 25 டாலர் கட்டுகிறான். "ஒழுங்காகக் கட்டுகிறேனே" என்று நெஞ்சு நிமிர்த்துகிறான். கட்டிய 25இல் 20 வட்டிக்குப் போயிற்று. அசலிலே குறைந்தது 5 டாலர். இந்த நடையிலே நடந்தால் கடன் தீர ஏறத்தாழ ஏழு ஆண்டு ஆகும். கட்டி முடித்த பணம் 2,000 டாலரைத் தாண்டியிருக்கும். ஒரு பொருளுக்கு இரு விலை! நம் ஊர் மார்க்கெட்டிலே காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வசூலிக்கும் வட்டிக்காரர் கொடுமையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே அது அச்சடித்த காகிதத்திலே, ஆங்கிலத்திலே, அழகாக நடக்கிறது. இதைப் பதினைந்து வயதிலே ஒருவன் புரிந்துகொண்டால் இருபத்தைந்து வயதிலே ஏமாற மாட்டான் என்று நம்புவது இயல்பே.

ஆனால் கணக்கோடு சேர்த்து விளையாட்டு இன்னொன்றையும் ஊட்டுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு சரியான விடை. அந்த விடை எப்போதும் பையன் கையிலே. முன்னேறினால் அவன் கெட்டிக்காரத்தனம். பின்தங்கினால் அவன் மடத்தனம். ஆடுகளத்தைப் போட்டது யார், கெஜக்கோலைப் பிடித்திருப்பது யார், 24 சதவிகிதம் என்று வட்டியை விதித்தது யார் என்று ஆட்டக்காரன் கேட்க முடியாது. கேட்டால் பந்து நகராது. வாடகைக்கும் அரிசிக்கும் போதாத கூலியை வாங்கிக்கொண்டு வருபவனிடம், "திட்டமிட்டுச் செலவு செய்தாயா?" என்று கேட்கும் விடைத்தாளிலே, 'கூலியை உயர்த்து' என்ற விடைக்கு எந்தக் கட்டத்திலே இடம்?

ஆட்டத்தின் விதியை எழுதுபவனே ஆட்டத்தின் பாடத்தையும் எழுதுகிறான். இதற்குச் சான்று வேண்டுமென்றால் கணினி பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு கதை இருக்கிறது.

எலிசபெத் மேகி என்றொரு அமெரிக்க மாது. சுருக்கெழுத்து வேலை பார்த்தவர். ஹென்றி ஜார்ஜ் என்ற சிந்தனையாளரின் கொள்கையிலே பற்றுக் கொண்டவர். நிலம் ஒருவன் உழைப்பால் விளைந்த பொருளல்ல. அதன் மதிப்பு ஊரார் அனைவரின் முயற்சியால் உயர்வது. ஆகவே நிலத்தின் வாடகைப் பயனை வரியாக ஊருக்கே திருப்ப வேண்டும் என்பது ஜார்ஜின் வாதம். இதை மேடையேறிச் சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? மேகி அம்மையார் வேறு வழி கண்டார். பலகையிலே ஒரு விளையாட்டு அமைத்தார். பெயர் 'நிலச்சுவான்தாரின் ஆட்டம்'. 1904 ஜனவரியிலே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். சுற்றி வருகிறாய், பிறர் நிலத்திலே கால் வைக்கிறாய், வாடகை கட்டுகிறாய், கட்டிக் கட்டி ஓட்டாண்டி ஆகிறாய். அதே பலகைக்கு இரு வகை விதிகளைச் சொன்னார். ஒன்றிலே ஒருவன் எல்லாவற்றையும் விழுங்குவான். மற்றொன்றிலே செல்வம் பெருகப் பெருக எல்லோரும் பங்கு பெறுவார்கள். இரண்டையும் ஆடிப் பார்க்கும் சிறுவனுக்குத் தானாகவே உண்மை விளங்கும் என்பது அந்த அம்மையாரின் நம்பிக்கை.

பிறகு நடந்தது என்ன? பலகை ஊர் ஊராகச் சென்றது. கைமாறிக் கைமாறி உருமாறியது. சார்லஸ் டாரோ என்பவர் அதைத் தம் கண்டுபிடிப்பு என்று விற்றார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர், 'மொனாபலி'! டாரோ ராயல்டியிலே செல்வந்தரானார். மேகியின் காப்புரிமையைக் கம்பெனி வாங்கிக்கொண்டு கொடுத்த தொகை 500 டாலர். விற்பனையிலே பங்கு கிடையாது. எல்லோரும் பங்கு பெறும் விதிகள் மறைந்தன. ஒருவன் எல்லாவற்றையும் விழுங்கும் விதி மட்டும் நிலைத்தது. எதைக் கண்டு சிறுவர் அருவருக்க வேண்டும் என்று எண்ணினாரோ, அதையே உலகத்துச் சிறுவரெல்லாம் கைகொட்டிக் கொண்டாடி ஆடுகிறார்கள். பலகை அதேதான், விதியிலே கை வைத்தார்கள், பாடம் தலைகீழாகிவிட்டது.

"பழைய கதை, இப்போது நல்லெண்ணத்தோடு செய்கிறவர்களும் இருக்கிறார்களே" என்பீர்கள். இருக்கிறார்கள். வட கரோலினா மாநிலத்திலே டர்ஹம் என்ற நகர். அங்கே வீடற்றோர்க்கு இடமளிக்கும் ஒரு தொண்டு நிறுவனம். 2011இல் மெக்கின்னி என்ற விளம்பரக் கம்பெனி அந்த நிறுவனத்துக்காக 'ஸ்பென்ட்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கிக் கொடுத்தது. வேலை போயிற்று, வீடு போயிற்று, கையிலே மிச்சம் 1,000 டாலர். ஒரு மாதம் உயிர் வாழ்ந்து காட்டு என்கிறது ஆட்டம். ஊருக்குள்ளே வீடு பிடித்தால் வாடகை கடிக்கிறது. தள்ளிப் போனால் வண்டிச் செலவு கடிக்கிறது. பிள்ளைக்குச் செலவு வருகிறது. உடம்புக்கு நோய் வருகிறது. எதைத் தள்ளுவது, எதைக் கொள்ளுவது? உண்மையான அக்கறையோடு செய்த விளையாட்டு. இதிலே குறை காண மனம் வரவில்லை.

ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ரூசோஸ், டொவிடியோ என்ற இருவர் 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்பென்ட் ஆடியவர்களுக்கு ஏழைகள் மீது பரிவு கூடியதா என்று சோதித்தார்கள். கூடவில்லை! உழைத்தவன் உயர்வான், உயராதவன் உழைக்காதவன் என்று முன்பே நம்பியவர்களுக்கு ஏழைகளைப் பற்றிய எண்ணம் இன்னும் கெட்டது. ஆடாமல், பிறர் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கோ எண்ணம் நல்லதாயிற்று. ஏன் இந்த விந்தை? ஆடுகிறவன் கையிலே பொத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியது நான், பிழைத்தது நான் என்று நினைக்கிறான். "யோசித்து முடிவெடுத்தால் வறுமையைச் சமாளித்துவிடலாம் போலிருக்கிறதே" என்று முடிவு கட்டுகிறான். வாழ்க்கையிலே வறியவன் கையிலே அந்தப் பொத்தான் இல்லை என்பது அவனுக்குத் தெரிவதில்லை. பரிவு ஊட்டப் பிறந்த விளையாட்டுக்கே இந்தக் கதியென்றால், கல்லாப்பெட்டிக்காரர் பெற்ற விளையாட்டு என்ன ஊட்டும்?

இருக்கட்டும், பயனாவது உண்டா என்று பார்ப்போம். அமெரிக்காவிலே 2024 கணக்குப்படி 35 மாநிலங்கள், பள்ளிப் படிப்பை முடிக்கத் தனிநபர் நிதிப் பாடம் கட்டாயம் என்று விதித்துள்ளன. 2022இல் 20 நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த பிசா நிதியறிவுச் சோதனையிலே, வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளை அடிப்படைத் தரத்தை எட்டவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் முந்தியும், இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பிந்தியும் நின்றார்கள். பாடம் தேவை என்பதிலே ஐயமில்லை. பாடத்தின் பலனைத்தான் அளந்தார்கள். 2014இல் மூன்று பேராசிரியர்கள், அதுவரை நடந்த 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பண விஷயத்திலே மனிதர்கள் நடந்துகொள்ளும் வேறுபாட்டிலே, நிதிக்கல்வி விளக்கிய பங்கு ஆயிரத்தில் ஒன்று! படித்ததும் மாதக் கணக்கிலே மங்கிவிடுகிறது என்றும் கண்டார்கள். பிறகு வந்த வேறு அறிஞர்கள், இன்னும் கண்டிப்பான முறையிலே நடந்த 76 சோதனைகளைக் கூட்டிப் பார்த்து, "இல்லை, பலன் உண்டு, அறிவும் கூடுகிறது, நடத்தையும் ஓரளவு திருந்துகிறது" என்று 2022இல் எழுதினார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிரேசில் நாட்டுச் சேதி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2010, 2011இல் 892 பள்ளிகளிலே, ஏறத்தாழ 25,000 மாணவரிடையே நடந்த சோதனை. பாடம் படித்த பிள்ளைகள் செலவைக் குறித்து வைத்தார்கள், சேமித்தார்கள். கூடவே கிரெடிட் கார்டுக் கடனும், தவணைக் கடனும் அதிகம் வாங்கினார்கள்! வங்கியின் மொழியைக் கற்றுக் கொடுத்தால் வங்கிக் கதவைத் திறக்கவும் கற்றுக்கொள்கிறான். உள்ளே இருப்பவன் என்ன செய்வான் என்பதற்குப் பாடத்திலே காவல் இல்லை.

காவல் எங்கே இருக்கிறது? சட்டத்திலே இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரி வாசலிலே கார்டுக் கம்பெனிகள் மேசை போட்டு உட்கார்ந்தன. கையெழுத்துப் போட்டால் ஒரு பனியன் சட்டை இலவசம்! பதினெட்டு வயதுப் பிள்ளை, சட்டைக்கு ஆசைப்பட்டுக் கடனை அணிந்துகொண்டு போனான். 2009இல் சட்டம் வந்தது. 21 வயதுக்கு உட்பட்டவனுக்குச் சொந்த வருமானமோ, பொறுப்பேற்கும் பெரியவரோ இல்லாமல் கார்டு கொடுக்கக் கூடாது. கல்லூரி வாசலிலே பரிசு காட்டி ஆள் பிடிக்கக் கூடாது. மறைமுகக் கட்டணங்களுக்குக் கடிவாளம். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு என்பதைப் பில்லிலேயே அச்சிட வேண்டும். இந்தச் சட்டத்தால் கார்டு வைத்திருப்போருக்கு ஆண்டுக்கு 1,190 கோடி டாலர் மிச்சமாயிற்று என்று 2015இல் பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பகுதி மிச்சம் கட்டணங்களைக் கட்டுப்படுத்தியதால் வந்தது. பில்லிலே அச்சிட்ட அறிவுரையால் வந்தது சொற்பம் என்பதும் அதே கணக்கு சொன்ன சேதி. பாடத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக யார் அளந்து காட்ட முடியும்?

மாலையிலே பள்ளி விடுகிறது. வகுப்பிலே சிக்கனப் பந்தாடிய அதே பையன், வீட்டுக்கு வந்து 'ஃபோர்ட்நைட்' ஆட உட்காருகிறான். அங்கே டாலர் செல்லாது; 'வி-பக்ஸ்' என்ற தனி நாணயம். முதலிலே டாலரைக் கொடுத்து அதை வாங்கு, பிறகு அதைக் கொடுத்துச் சட்டையும் ஆட்டமும் வாங்கு. முன்னாளிலே அமெரிக்க நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் தொழிலாளிக்குக் கூலியைச் சொந்தத் தகட்டு நாணயத்திலே கொடுப்பார்கள். முதலாளியின் கடையிலேதான் அது செல்லும். அந்தப் பழைய தந்திரம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது! எவ்வளவு செலவாயிற்று என்பது மனத்திலே உறைக்காமல் இருப்பதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் ஏது? 2022 டிசம்பரில் அமெரிக்க வாணிபக் கண்காணிப்பு ஆணையம் அந்தக் கம்பெனியைப் பிடித்தது. தூங்கும் திரையை எழுப்பப் பொத்தானைத் தொட்டால் பணம் போயிற்று. பொருளைப் பார்க்க மட்டும் நினைத்துப் பக்கத்துப் பொத்தானிலே விரல் பட்டால் பணம் போயிற்று. "நான் வாங்கவில்லையே" என்று வங்கியிடம் முறையிட்டவர் கணக்கையே பூட்டினார்கள் என்பது புகார். ஏமாந்தோர்க்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர்; சிறுவர் விவரங்களைத் திரட்டிய குற்றத்துக்கு அபராதம் 27.5 கோடி டாலர். நிதி பற்றி நாளுக்கு ஒரு மணி பாடம். பணத்தைப் பறிக்க நாள் முழுதும் பாடம்!

நம் நாட்டுக்கு வருவோம், ஏனென்றால் இங்கேயும் ஒரு சொல் இதே வேலையைச் செய்தது. 'திறமை' என்ற சொல். விசா தன் கல்வித் தளத்துக்கு வைத்த பெயரின் பொருள் 'நடைமுறைப் பணத் திறமைகள்'. கைப்பேசியிலே பணம் கட்டி ஆடும் ரம்மிக்காரர்கள் நீதிமன்றத்திலே சொன்னதும், "இது சூதல்ல, திறமை ஆட்டம்" என்பதே. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றியபின் ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி இணையத்தில் ஆடுவது கூடாது என்று சட்டம் இயற்றியது. கூலியைத் தோற்றுவிட்டு நிற்பவனைப் பார்த்து "உனக்குத் திறமை போதவில்லை" என்பது எத்தனை வசதியான பேச்சு! தோற்றவன் வாயை அடைக்கிறது. வென்றவன் கல்லாவை மறைக்கிறது.

அப்படியானால் பிள்ளைகளுக்குப் பணக் கணக்கே வேண்டாமா? வேண்டும். விளையாட்டாகவும் வரட்டும், பிள்ளைகள் விரும்புகிற வடிவம் அது. ஆனால் விதியைப் பள்ளி எழுதட்டும், ஆசிரியர் எழுதட்டும், தொழிற்சங்கத்தின் கையும் அதிலே இருக்கட்டும். இந்தியாவிலே ரிசர்வ் வங்கியும் பிற ஒழுங்காற்று அமைப்புகளும் சேர்ந்து நிறுவிய தேசிய நிதிக்கல்வி மையம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்தி வந்திருக்கிறது. விற்பவன் நடத்தாமல் விற்பவனைக் கண்காணிப்பவன் நடத்துவது ஒரு படி மேல்தான். அந்த வினாத்தாளிலே அப்பாவின் சம்பளச் சீட்டும் ஏற வேண்டும். பி.எஃப். என்று 12 சதவிகிதம் பிடிக்கிறார்களே, முதலாளியும் அதே 12 சதவிகிதம் கட்ட வேண்டும் என்பது பையனுக்குத் தெரியுமா? இ.எஸ்.ஐ.யிலே 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு முக்கால் சதவிகிதம், முதலாளி பங்கு மூன்றேகால் சதவிகிதம் என்பது தெரியுமா? கட்டாத முதலாளியை எங்கே முறையிடுவது, மிகைநேர வேலைக்குக் கூலி எத்தனை மடங்கு என்பவை தெரியுமா? வீட்டுச் செலவிலே பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கும் வித்தையை நம் தாய்மார்கள் எந்தக் கணினியிடமும் கற்கவில்லை. வர வேண்டிய நூறு ரூபாய் வராமல் போகும் வழியைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

விசாவின் பந்தாட்டத்துக்கும் ஒரு கேள்வியை நாமே எழுதித் தருவோம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர் ஆடும் கடைசி நிலையிலே வைக்கட்டும். கடினமான கேள்விதான், நிறைய கெஜம் தரட்டும். 'ஒரு தொழிலாளி கார்டை நீட்டி 100 டாலருக்கு மளிகை வாங்குகிறான். கடைக்காரர் கைக்கு 100 டாலரும் வந்து சேருவதில்லை. குறைந்த தொகையை எடுத்துக்கொண்டவர்கள் யார் யார்? அதைச் சரிக்கட்டக் கடைக்காரர் ஏற்றிய விலையைக் கொடுத்தவர் யார்?' கீழே நான்கு விடைகளையும் அவர்களே அச்சிடட்டும்.